டஃபி என்கிற நிப்பிள்ஸ்: ஜெர்ரியோடு வரும் டயபர் குட்டியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாம் யார், ஜெர்ரி யார் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழப்பமெல்லாம் அவ்வப்போது ஜெர்ரியின் பக்கத்தில் நிற்கும் அந்தச் சாம்பல் நிறப் பொடியனைப் பற்றித்தான். சில படங்களில் இருக்கும், பல படங்களில் இருக்காது. ஒரு படத்தில் அநாதை, இன்னொன்றில் அப்பா இருக்கிறார். ஒன்றில் வாயே திறக்காது, இன்னொன்றில் பிரெஞ்சு பொரிந்து தள்ளும். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

யார் இந்தக் குட்டி எலி?

எம்ஜிஎம் என்ற அமெரிக்கப் பட நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இயக்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களில் வரும் துணைப் பாத்திரம். ஜெர்ரி பழுப்பு, இது சாம்பல். உயரத்தில் ஜெர்ரியில் பாதிதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெரிய வெள்ளை டயபர். பசி, துணிச்சல் இரண்டும் அளவுக்கு மீறி இருக்கும். பயம் மட்டும் துளியும் கிடையாது.

1940 முதல் 1958 வரை ஹன்னா-பார்பெரா கூட்டணி எடுத்த திரையரங்கப் படங்கள் 114. இந்தப் பொடியன் வருவது அவற்றில் ஒரு டஜன் சொச்சத்தில்தான். அத்தனை கொஞ்சமாக வந்தும் எல்லார் மனதிலும் நிற்கிறதே, அதுதான் இதன் கெட்டிக்காரத்தனம்.

இதன் பெயர் நிப்பிள்ஸா, டஃபியா?

இரண்டும்தான். முதலில் டஃபி என்ற பெயரோடு வந்தது சினிமாவில் அல்ல, காமிக்ஸில். 1942இல் டெல் நிறுவனம் தொடங்கிய 'அவர் கேங் காமிக்ஸ்' இதழில் டாம், ஜெர்ரி கதைகள் வர ஆரம்பித்தபோதே ஜெர்ரிக்கு டஃபி என்ற துணை இருந்தது. படத்தில் பேசாமலே ஓட்டிவிடலாம். அச்சில் அது நடக்காது. பலூனுக்குள் வசனம் வேண்டும், ஜெர்ரி பேசுவதைக் கேட்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு டஃபி சரியாகப் பொருந்தியது.

நான்கு வருடம் கழித்துத் திரைக்கு வந்தபோது பெயர் நிப்பிள்ஸ் ஆகிவிட்டது. 1954இல் வந்த 'டூஷே புஸ்ஸி கேட்' படத்தில் மறுபடி டஃபி. இன்று இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் டஃபி என்றே சொல்கிறேன், சொல்ல எளிது. நிப்பிள்ஸ் என்று சொல்பவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

முதல் படம் எது?

1946இல் வெளிவந்த 'தி மில்கி வெய்ஃப்'. ஜெர்ரியின் வீட்டு வாசலில் ஒரு கூடை. அதற்குள் குட்டி எலி, கூடவே ஒரு சீட்டு: நிப்பிள்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிறையப் பால் கொடுங்கள், இதற்கு எப்போதும் பசிதான். ஜெர்ரியின் பொந்தில் பால் ஏது? பால் இருப்பது டாமின் கிண்ணத்தில். கதை அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் ஓட்டுகிறார்கள்.

இதன் முடிவைக் கவனித்துப் பாருங்கள். டாம் அந்தக் குட்டியை ஈ அடிக்கும் மட்டையால் அடித்துவிடுகிறது. அதுவரை ஓடி ஒளிந்துகொண்டிருந்த ஜெர்ரிக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது வேறு ரகம். தன்னை அடித்தால் தந்திரத்தால் பழிவாங்கும் ஜெர்ரி, பிள்ளையை அடித்ததும் தந்திரத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு நேராகப் போய் டாமைத் துவைத்தெடுக்கிறது. கடைசியில் டாமே பால் ஊட்ட வேண்டியதாகிறது.

ஜெர்ரிக்கு இது என்ன உறவு? மகனா, அக்காள் பிள்ளையா?

படத்துக்குப் படம் மாறும். தொடக்கப் படங்களில் அநாதை. ஜெர்ரியிடம் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளை. 1953இல் வந்த 'டூ லிட்டில் இண்டியன்ஸ்' படத்தில் ஒன்றல்ல, அச்சில் வார்த்த மாதிரி இரண்டு குட்டிகள் எலிகளின் அநாதை இல்லத்திலிருந்து வருகின்றன. 'டூஷே புஸ்ஸி கேட்' படத்திலோ இதற்கு பிரான்சுவா என்று ஓர் அப்பா இருக்கிறார். மகனுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி ஜெர்ரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். உடன்பிறந்தவரின் பிள்ளை என்று சொல்லும் கதைகளும் உண்டு.

இதையெல்லாம் ஒன்றாகக் கோத்து வம்சாவளி எழுத முயற்சி செய்யாதீர்கள். அந்தக் காலக் கார்ட்டூன்காரர்களுக்கு ஒவ்வொரு படமும் தனிக்கதை. திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடும் ஏழு நிமிடத் துண்டு அது. போன வருடம் வந்த துண்டில் அப்பா இருந்தாரா இல்லையா என்று யார் கேட்கப் போகிறார்கள்? அன்றைக்கு என்ன உறவு வேண்டுமோ அதை வைத்துக்கொண்டார்கள். ஜெர்ரியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளை என்பது மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

எந்நேரமும் ஏன் தின்றுகொண்டே இருக்கிறது?

அந்தச் சாப்பாட்டு ராமன் குணம்தான் கதைக்கு எஞ்சின். ஜெர்ரி தனியாக இருந்தால் பாலாடைக்கட்டி கிடைக்காவிட்டாலும் பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பிள்ளை பசிக்கிறது என்றால் அப்படிப் படுக்க முடியாது. பூனை படுத்திருக்கும் இடத்துக்கே போயாக வேண்டும்.

இது முழுமையாகப் பலித்தது 'தி லிட்டில் ஆர்ஃபன்' படத்தில். அமெரிக்கர்கள் குடும்பத்தோடு விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாள். அநாதை இல்லத்திலிருந்து ஒரு நாள் விருந்தாளியாகக் குட்டி வந்து இறங்குகிறது, கையில் வழக்கமான எச்சரிக்கைச் சீட்டோடு. ஜெர்ரியின் அலமாரி காலி. வீட்டுக்காரர்களின் மேசையிலோ வான்கோழி, பழம், பலகாரம் என்று மலைபோலக் குவிந்திருக்கிறது. இரண்டும் மேசைமேல் ஏறிவிடுகின்றன. அதற்குப் பிறகு ஜெர்ரிக்கு ஓய்வே இல்லை.

ஆரஞ்சுப் பழக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். தன் உடம்பைவிடப் பெரிய ஆரஞ்சைக் குட்டி முழுசாக விழுங்குகிறது. உடம்பு அப்படியே ஆரஞ்சு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. உருண்டையில் தலையும் காலும் ஒட்டிவைத்த மாதிரி நிற்கிறது. முகத்தில் வலி இல்லை, வெட்கம் இல்லை. ஜெர்ரி ஒரு கத்தியை எடுத்து அதன் அகலப் பக்கத்தால் ஓங்கி ஓர் அடி. ஆரஞ்சு வெளியே பாய்ந்து, தூங்கிக்கொண்டிருக்கும் டாமின் வாய்க்குள் போய் அடைக்கிறது. விழுங்கியது, அடித்தது, பறந்தது, பூனை எழுந்தது என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. குட்டியின் பசியே டாமை எழுப்பிவிட்டது. தனியாக வேறொரு சம்பவம் தேவைப்படவில்லை. திரைக்கதை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய அரை நிமிடம் இது.

கடைசியில் டாம் வெள்ளைக்கொடி காட்டிவிடுகிறது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கைகூப்பிக் கண்ணை மூடி, பிரார்த்தனை செய்கிறார்கள். அடுத்த நொடி குட்டி வான்கோழி மேல் சூறாவளி மாதிரி பாய்கிறது. மிச்சம் எலும்புதான். டாமும் ஜெர்ரியும் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது நடித்த படம் ஆஸ்கர் வாங்கியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒன்றல்ல, இரண்டு. டாம் அண்ட் ஜெர்ரி மொத்தம் ஏழு ஆஸ்கர் வாங்கியது. 1948ஆம் ஆண்டுக்கான விருது 'தி லிட்டில் ஆர்ஃபன்' படத்துக்கு, 1951ஆம் ஆண்டுக்கானது 'தி டூ மவுஸ்கெட்டியர்ஸ்' படத்துக்கு. இரண்டிலும் டஃபி இருக்கிறது. 'டூஷே புஸ்ஸி கேட்' படமும் பரிந்துரைப் பட்டியல் வரை போய், கடைசியில் மிஸ்டர் மாகூ என்ற இன்னொரு கார்ட்டூன் பாத்திரம் நடித்த படத்திடம் தோற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 114 படத்தில் ஒரு டஜன் சொச்சத்தில் மட்டும் வரும் பாத்திரம், ஏழு விருதில் இரண்டில் இருக்கிறது. டாமை மிரட்டும் ஸ்பைக் நாய் இதைவிட அதிகப் படங்களில் வருகிறது, ஆனால் இந்த விகிதம் அதற்கு வாய்க்கவில்லை.

ஒரு கொசுறு: குறும்பட விருது அப்போது தயாரிப்பாளர் பெயரில்தான் வழங்கப்பட்டது. ஆகவே மேடையேறிச் சிலையை வாங்கியது இயக்குநர்கள் அல்ல, தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி.

சில படங்களில் பிரெஞ்சு பேசுகிறதே, ஏன்?

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமாவின் மஸ்கட்டியர் (அரசரின் வாள் வீரர்கள்) கதையை நையாண்டி செய்து எடுத்த படங்கள் அவை. 1952இல் பரவலாகத் திரைக்கு வந்த 'தி டூ மவுஸ்கெட்டியர்ஸ்' அதில் முதலாவது. ஜெர்ரியும் டஃபியும் இறகு குத்திய தொப்பி, மேலங்கி, வாள் சகிதம் அரண்மனை விருந்து மேசைக்குள் புகுந்துவிடுகின்றன. டாம் அந்த மேசைக்குக் காவல். விருந்து பத்திரமாக இருந்தால் பரிசு, இல்லாவிட்டால் தலை போய்விடும் என்பது டாமுக்கு வந்த உத்தரவு.

டஃபிக்கு அந்த உத்தரவெல்லாம் ஒரு பொருட்டா? பாட்டுப் பாடிக்கொண்டே சாவகாசமாகச் சாப்பாடு சேகரிக்கிறது. டாமின் பின்புறத்தில் வாளால் ஒரு குத்து, "டூஷே, மிஸ்யூ புஸ்ஸிகேட்!" என்று ஒரு சத்தம். ஊசி சைஸ் வாளை வைத்துக்கொண்டு இந்த அலட்டல் அலட்டுவது இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்புதான்.

அந்தப் படத்தின் முடிவில் டாம் நிஜமாகவே செத்துவிடுகிறதா?

ஆமாம், அப்படித்தான் காட்டுகிறார்கள். பார்த்த பலருக்கும் நம்ப முடியாமல் இருப்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. பீரங்கி வெடித்து விருந்து நாசமாகிவிடுகிறது. எலிகள் இரண்டும் கொள்ளையடித்த பலகாரத்தோடு தெருவில் ஜாலியாக நடக்கின்றன. தூரத்தில் தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரம். முரசு ஒலி. கத்தி இறங்குகிறது. வெட்டுவதை நேராகக் காட்டுவதில்லை. கத்தி விழுவதும் எலிகளின் முகம் மாறுவதும் போதும் என்று விட்டுவிட்டார்கள். "பாவம், பாவம், பூனையார்" என்று பிரெஞ்சில் சொல்கிறது டஃபி. ஒரு கணம் நிஜமாகவே வருந்துகிறது. உடனே, போர் என்றால் இப்படித்தான் என்கிற தோரணையில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தன் வழியே நடக்கத் தொடங்கிவிடுகிறது.

அடுத்த படத்தில் டாம் தலையோடு உயிரோடுதான் வரும், கவலை வேண்டாம். இருந்தாலும் இந்த முடிவைச் சொல்ல டஃபியை விட்டால் ஆள் இல்லை என்பது என் கட்சி. ஜெர்ரி இதைச் சொல்லியிருந்தால் கொடூரமாக இருந்திருக்கும்.

குரல் கொடுத்தது யார்?

மவுஸ்கெட்டியர் படத்தில் பிரான்ஸ்வாஸ் ப்ரூன்-கொத்தான் என்ற சின்னப் பெண். அந்த மழலையும் உச்சரிப்பும் நடிப்பால் வந்ததில்லை, குழந்தையின் குரலே அதுதான். 1958இல் வந்த 'ராபின் ஹுட்விங்க்ட்' படத்தில் டஃபி இங்கிலாந்துத் தெருப் பையனைப்போல ஆங்கிலம் பேசும். அதற்குக் குரல் லூசில் ப்ளிஸ். மற்றப் படங்களில் பெரும்பாலும் மௌனம். டாமின் புகழ்பெற்ற அலறல் மட்டும் இயக்குநர் வில்லியம் ஹன்னாவே கத்தியது. பேச்சுக்குப் பதில் ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வோர் அடியையும் சொல்லிவிடும். தமிழ் ஒலி வராத காலத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படங்களை ஒரு வரி விடாமல் புரிந்துகொண்டது அதனால்தான்.

பூனைக்கு மணி கட்டிய எலி இதுதானா?

இதேதான். 1954இல் வந்த 'லிட்டில் ஸ்கூல் மவுஸ்'. ஜெர்ரி வாத்தியார், டஃபி மாணவன். பூனையிடமிருந்து தப்பிப்பது எப்படி, அதனிடமிருந்து பாலாடைக்கட்டியை அபேஸ் பண்ணுவது எப்படி என்றெல்லாம் பாடம் நடக்கிறது. செய்முறைத் தேர்வாகப் பூனைக்கு மணி கட்டிவிட்டு வரச் சொல்கிறது ஜெர்ரி. தானே போய்ப் பார்த்து, அடிவாங்கித் திரும்புகிறது. டஃபி என்ன செய்கிறது? மணியைப் பரிசுப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் டாமிடம் நீட்டுகிறது. டாமுக்கு ஒரே சந்தோஷம். தானே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது.

யார் கட்டுவது என்று நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, கேட்டுப் பார்த்தால் பூனையே கட்டிக்கொள்ளும் என்று ஒரு பதில். ஆஸ்கர் படங்களுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது இது.

குட்டி வாத்து ஒன்றும் வருமே, அதுவும் டஃபியும் ஒரே வேலைக்குத்தானே?

பாதி சரி. வாத்துக் குட்டி 1950இல் 'லிட்டில் க்வாக்கர்' படத்தில் அறிமுகமானது. அதையும் ஜெர்ரிதான் காப்பாற்றுகிறது. ஆனால் க்வாக்கர் அம்மா எங்கே என்று அழும், நிறையப் பேசும், பார்ப்பவரின் இரக்கத்தைக் கேட்டு வாங்கும். டஃபி எதையும் கேட்பதில்லை. பசித்தால் எடுத்துத் தின்னும், பூனை வந்தால் குத்தும். க்வாக்கர் படங்கள் இரண்டைத் தொடர்ந்து பார்த்தால் எனக்குச் சலிப்புத் தட்டிவிடுகிறது. வாத்து ரசிகர்கள் மன்னிக்கவும்.

ஒரே தேங்க்ஸ்கிவிங் கதையை இரண்டு விதமாகப் பார்த்த ஞாபகம். என் மனப்பிரமையா?

இல்லை. 1957இல் 'ஃபீடின் த கிட்டி' என்ற பெயரில் 'தி லிட்டில் ஆர்ஃபன்' படத்தையே அகலத்திரைக்கு மறுபடி எடுத்தார்கள். அப்போது சினிமாஸ்கோப் மோகம். பழைய அசைவுகளையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு பின்னணியை அகலமாக்கி வரைந்தார்கள். புதிதாக ஒரு படம் வரைவதைவிடச் செலவு குறைவு. பின்னணிகள் தட்டையாகி, பழைய படத்தில் இருந்த வீட்டின் கதகதப்பு போய்விட்டது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் பழையதையே பாருங்கள்.

அதே 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பழைய படங்களை மறுபடி ஓட்டினாலே கிட்டத்தட்ட அதே வசூல் வருகிறது, புதிதாக எதற்கு எடுக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. எடுத்து முடித்த மீதிப் படங்கள் 1958இல் வெளிவந்தன.

சில படங்களில் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்களே?

'தி மில்கி வெய்ஃப்' படத்தில் ஜெர்ரியும் டஃபியும் முகத்தில் ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு கறுப்பினத்தவர்களைப்போல நடித்து டாமை ஏமாற்றும் காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் அன்று சிரிப்பாக விற்ற இனக் கேலி அது. தொலைக்காட்சியில் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேலிச்சித்திரமாக்கும் 'டூ லிட்டில் இண்டியன்ஸ்', 'தி லிட்டில் ஆர்ஃபன்' படத்தில் இறகுத் துடைப்பத்தைத் தலையில் கட்டிக்கொண்டு வரும் டாம் எல்லாம் இதே வகைதான். காட்சி வேகமாக ஓடுவதால் பலர் கவனிப்பதில்லை, கவனித்தால் நெருடும். வெட்டிக் காட்டுவதைவிட, அந்தக் காலத்தில் இப்படி இருந்தது, அது தவறு என்று முன்னுரை போட்டு முழுசாகக் காட்டுவது நல்லது என்பது என் எண்ணம். சின்னப் பிள்ளைகளுக்கான சேனலில் அது கஷ்டம் என்பதும் புரிகிறது.

இவ்வளவு நன்றாக வேலை செய்த பாத்திரத்தை ஏன் எல்லாப் படத்திலும் வைக்கவில்லை?

வைத்திருந்தால் டாம் அண்ட் ஜெர்ரி வேறு படமாகிவிடும். தனியாக இருக்கும் ஜெர்ரி அப்பாவி அல்ல. தூங்கும் பூனையைச் சீண்டும், வீட்டுக்காரரிடம் மாட்டிவிடும், வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். பாதிப் படங்களில் வம்பை ஆரம்பிப்பதே ஜெர்ரிதான். டஃபி வந்ததும் அந்தக் குறும்பு முழுக்க டஃபியிடம் போய்விடுகிறது. ஜெர்ரி பெரியவராகிவிடுகிறது. கையைப் பிடித்து இழுக்கிறது, வாயைப் பொத்துகிறது. 1950இல் வந்த 'சேஃப்டி செகண்ட்' படத்தில் இது பச்சையாகத் தெரியும். ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். டஃபிக்குப் பட்டாசு வெடிக்க வேண்டும். ஜெர்ரி, வேண்டாம், ஆபத்து என்று பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறது. நம் வீட்டுத் தீபாவளியில் அப்பாக்கள் படும் பாடு.

பொறுப்பான ஜெர்ரியை எட்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். மாதாமாதம் பார்த்தால் டாமைச் சீண்ட ஆள் இருக்காது.

பிறகு என்னவானது?

1960களில் புதிய இயக்குநர்களான ஜீன் டைட்ச் 13 படங்களும், சக் ஜோன்ஸ் தரப்பு 34 படங்களும் எடுத்தபோது டஃபி ஏறக்குறைய மறக்கப்பட்ட ஆள். காமிக்ஸில் மட்டும் ஜெர்ரியோடு குடித்தனம் தொடர்ந்தது. 2000க்குப் பிறகு நிலைமை தலைகீழ். 2007இல் வந்த 'எ நட்கிராக்கர் டேல்' போன்ற நேரடி வீடியோ படங்களிலும் புதிய தொலைக்காட்சித் தொடர்களிலும் டஃபி அடிக்கடி வருகிறது, நன்றாகப் பேசுகிறது. பேசுவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பசியைச் சொல்ல வசனம் வந்ததும் ஆரஞ்சை விழுங்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

எதில் தொடங்கிப் பார்க்கலாம்?

முதலில் 'தி லிட்டில் ஆர்ஃபன்', அப்புறம் 'தி டூ மவுஸ்கெட்டியர்ஸ்', அதற்குப் பிறகு 'லிட்டில் ஸ்கூல் மவுஸ்'. பிடித்துப்போனால் சமையலறையில் தண்ணீரைத் தேக்கி உறையவைத்து இரண்டு எலிகளும் சறுக்கி ஆடும் 'மைஸ் ஃபாலீஸ்'. அதில் சண்டையைவிட நடனம்தான் அழகு. ஜெர்ரியின் காதல் கடிதங்களை டஃபி சுமந்துகொண்டு அலையும் 'டாம் அண்ட் ஷெரி' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது உடன் உட்கார்ந்திருந்தால், மவுஸ்கெட்டியர் படத்தின் முரசு ஒலி கேட்டதும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.